மட்டை புதுசு... பிழை பழசு!

வார இறுதி கோல்ஃப் ஆட்டக்காரர்கள் பணத்தைக் கொட்டுவது கடையில். பந்து திசைமாறுவதற்கான காரணமோ அவர்கள் விரல்களில் இருக்கிறது.

காலை ஐந்தே முக்கால். சென்னையின் தென்புறத்தில் ஒரு பயிற்சித் திடல். மார்கழிப் பனியில் பச்சை விரிப்பு நனைந்து கிடக்கிறது. விளக்குகளை இன்னும் அணைக்கவில்லை. நாற்பதைத் தாண்டிய மென்பொருள் நிறுவன மேலாளர் ஒருவர், உறையைக் கழற்றி டிரைவர் மட்டையை வெளியே எடுக்கிறார். போன வாரம் வாங்கியது. விலை அரை லட்சத்துக்கு மேல்.

முதல் பந்து நேராகக் கிளம்பி, நூறு கெஜம் தாண்டியதும் வலப்பக்கம் வளைந்து ஓர வலையில் போய் விழுகிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக அடிக்கிறார். அது இன்னும் மோசமாக வளைகிறது. பத்து பந்து முடிவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

பக்கத்துத் தடுப்பில் பந்துக்கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் கிட்டே வருகிறார். முப்பது வருடம் மட்டைப்பை சுமந்த கேடி. இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

"சார், ஆபீஸ் பையில ஒயிட்போர்டு மார்க்கர் இருக்குமா?"

இருந்தது. நீல நிறம். பந்தின் ஒரு பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மட்டையைப் பார்க்கும்படி பந்தை வைத்துக் கொடுக்கிறார். அடித்து முடித்ததும் மட்டையைத் திருப்பிப் பார்த்தால், முகத்தில் நீலப் புள்ளி ஒட்டியிருக்கிறது. நடுவில் அல்ல, தண்டு வந்து சேரும் குதிப்பக்கத்தில், மையத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி. கட்டைவிரலால் துடைத்துவிட்டு மறுபடி, மறுபடி. பத்து பந்தில் எட்டு குதிப்பக்கம், ஒன்று நுனிப்பக்கம். ஒன்றே ஒன்றுதான் நடுவுக்குப் பக்கத்தில்.

"மட்டை நல்ல மட்டைதான் சார். நடுவுல படவே இல்லையே, அது என்ன பண்ணும்? கையைக் கொஞ்சம் காட்டுங்க."

பந்து எங்கே போகிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். மட்டையின் முகத்தில் எங்கே பட்டது என்று பார்ப்பவர் அபூர்வம். அந்த நீலப் புள்ளியைப் பார்த்த பிறகு, சில வாரம் விடிகாலைகளில் திடல்களில் நின்று இதையே கவனித்தேன். பல லட்சம் பெறும் மட்டைப்பைகளைச் சுமந்து வருபவர்கள் இரண்டு மூன்று பிழைகளையே ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு விடையைக் கடையில் தேடுகிறார்கள்.

மலையிலிருந்து நகரத்துக்கு

கோல்ஃப் நமக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829-ல் கல்கத்தாவில் தொடங்கியது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப்புக்கு வயது 1895-லிருந்து கணக்கு. ஊட்டி, வெலிங்டன் மைதானங்களும் ஆங்கிலேயர் காலத்தவை. சென்னையில் கிண்டி பந்தய மைதானத்தின் ஓடுபாதைக்கு நடுவே ஆடிய தலைமுறை ஒன்று உண்டு. நந்தனத்திலும் கோவை செட்டிப்பாளையத்திலும் மைதானங்கள் இருக்கின்றன. கடல் தாண்டினால் கொழும்பில் 1879-லிருந்து ஆடிவருகிறார்கள். அங்கே இன்றுள்ள மைதானத்தின் குறுக்கே களனிவெளி ரயில் போகும்.

இவ்வளவு இருந்தும் வெகுகாலம் இது அதிகாரிகளின், தோட்டத்துரைகளின் ஆட்டமாகவே இருந்தது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிச் சுற்றன்று, அதுவரை கோல்ஃப் பார்த்திராத வீடுகளும் அதிகாலையில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தன. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். மட்டைப்பையைச் சுமந்தவர் அவர் அம்மா. அடிக்கும் தூரத்தில் அதிதி களத்தின் கடைசி வரிசைகளில் இருந்தார். குழிக்குள் பந்தை உருட்டும் பட்டிங்கில் முதல் வரிசை. "இன்னும் இருபது கெஜம் கூடுதல்" என்ற விளம்பரத்தைப் பார்த்து டிரைவர் வாங்க ஓடுகிறவர்கள் அந்த நான்கு நாள் ஆட்டத்தை ஒருமுறை திரும்பப் பார்க்கலாம்.

பந்து முகத்தைக் கேட்கும்

வலப்பக்கம் வளைந்து ஓடும் அந்தப் பந்துக்கு ஸ்லைஸ் என்று பெயர். (வலக்கை ஆட்டக்காரரை வைத்தே எழுதுகிறேன்; இடக்கையினர் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.) கற்றுக்குட்டிகளின் பொது நோய் இதுதான். அதன் காரணம் பற்றிப் பல பத்தாண்டுகள் தவறாகவே சொல்லிக்கொடுத்து வந்தார்கள். மட்டை வீசிய திசையில் பந்து கிளம்பும், பிறகு மட்டையின் முகம் காட்டும் பக்கம் வளையும் என்பது பழைய பாடம்.

2000-களில் டென்மார்க்கின் டிராக்மேன் ரேடார் வந்து மட்டையையும் பந்தையும் நுட்பமாக அளந்தபோது இந்தப் பாடம் தலைகீழானது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். டிரைவரில் ஏறத்தாழ 85 விழுக்காடு, இரும்புத் தலை மட்டைகளான அயர்ன்களில் 75 விழுக்காடு அதன் பங்கு. வளைவைத் தீர்மானிப்பது, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வீசப்படும் பாதைக்கும் இடையிலுள்ள வித்தியாசம். பாதை இடப்பக்கம் இழுக்க, முகம் அதைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம்தான் சுழலும். குதிப்பக்கத்தில் பட்டால் அந்தச் சுழல் இன்னும் கூடும். மேலாளரின் மட்டையில் விழுந்த எட்டுப் புள்ளிகளும் அதைத்தான் சொல்லின.

இதை ஒரு நச்சு வட்டமாக மாற்றிக்கொள்வது மனித இயல்பு. பந்து வலப்பக்கம் ஓடுகிறது; ஆகவே ஆட்டக்காரர் காலையும் தோளையும் இடப்பக்கம் திருப்பிக் குறிவைக்கிறார். தோள் இடப்பக்கம் திரும்பியதும் வீச்சும் இன்னும் இடப்பக்கம் குறுக்கே வெட்டுகிறது. பாதைக்கும் முகத்துக்கும் இடைவெளி கூடுகிறது, வளைவும் கூடுகிறது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நிற்கிறார். பத்து வருடமாக இப்படி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மைதானத்தின் ஓரச் சுவரைக் குறிபார்த்து நின்றுதான் நடுவில் பந்தைப் போடுகிறார்கள்.

நீலப் புள்ளிகளைப் பார்த்ததும் பெரியவர் கேட்டது கையைத்தான். மேலாளர் மட்டையை இடது உள்ளங்கையின் குறுக்கே வைத்து இறுக்கியிருந்தார். மேலிருந்து பார்த்தால் இடக்கையில் ஒரு விரல்முட்டிதான் தெரிந்தது. பெரியவர் அந்தக் கையை விரித்து, கைப்பிடியை விரல்களின் அடிக்கணுக்கள் மேல் சாய்வாக வைத்து, உள்ளங்கையின் தடித்த மேடு மேலே படியும்படி மூடினார். இப்போது இரண்டரை முட்டி தெரிந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து போடும் கோடு வலத்தோளைக் காட்டியது. வலக்கையையும் அதற்கு இணையாக வைத்தார்.

"ஏதோ வேற யாரோ கை மாதிரி இருக்குண்ணா."

"ரெண்டு வாரம் அப்படித்தான் இருக்கும். மாத்திடாதீங்க."

அடுத்த பந்து இடப்பக்கம் வளைந்தது. மேலாளர் முகம் வாடியது. பெரியவர் முகம் மலர்ந்தது. வலப்பக்கமே ஓடிய பந்து ஒருமுறையாவது இடப்பக்கம் போனால் முகம் மூடக் கற்றுக்கொண்டது என்று அர்த்தம். இனிப் பாதையைச் சரிசெய்ய வேண்டும். டிரைவரின் புது உறையை எடுத்து, பந்துக்கு வெளிப்புறமாகச் சில அங்குலம் தள்ளி, கொஞ்சம் பின்னால் வைத்தார். வெளியிலிருந்து குறுக்கே வெட்டினால் மட்டை உறையை இடிக்கும். உள்ளிருந்து வந்தால் இடிக்காது. முதல் ஐந்து முறையில் நான்கு முறை உறை பறந்தது.

இறுக்கமும் முக்கியம். சிறு பறவையைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடிக்க வேண்டும் என்ற உவமையை அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட்டின் பெயரால் சொல்வார்கள். நம் ஊர்க் கணக்கில் கோழிக்குஞ்சு. பறக்கவும் விடக்கூடாது, நசுக்கவும் கூடாது. முழங்கை நரம்பு புடைக்கும் அளவுக்கு இறுக்கினால் மணிக்கட்டு திரும்பாது. மணிக்கட்டு திரும்பாவிட்டால் முகம் மூடாது.

▣ விதிப்புத்தக அளவுகள்
பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பையில் அதிகபட்சம் 14 மட்டைகள். அமெரிக்காவில் 1938 முதல் இருக்கும் வரம்பு இது. அதற்கு முன் இருபது, முப்பது மட்டைகளைச் சுமந்த கேடிகளின் தோளுக்கு அந்த ஆண்டு விடுதலை. டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்குள். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் 3 நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனை; அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். ஆட்டக்காரரின் திறனைக் கணக்கிட 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஆணோ பெண்ணோ அதிகபட்ச ஹேண்டிகேப் 54.

கிரிக்கெட் கையும் கிட்டிப்புள் மனமும்

நம் ஊரில் கோல்ஃபுக்கு வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. இருபது வருட கிரிக்கெட்டைக் கையில் சுமந்துகொண்டுதான் வருகிறார். பந்தை அடிக்கும்போது மட்டையின் முழு முகத்தையும் கடைசிவரை காட்டு, முன்முழங்கையை உயர்த்து என்பது கிரிக்கெட்டின் அரிச்சுவடி. நேராக ஆடும் டிரைவுக்கு அது அழகு. கோல்ஃபில் அதே கை பந்தை வலப்பக்கம் துரத்தும். காரணம், இங்கே முன்கைகள் உருண்டு முகம் மூடிவர வேண்டும். கிரிக்கெட் நன்றாக ஆடியவர்களிடம் ஸ்லைஸ் அதிகம் பார்த்தேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஒரு நல்ல பாடத்தைத் தப்பான மைதானத்தில் உண்மையாகப் பின்பற்றுகிறவர்கள்.

இன்னொன்று, பந்தைத் தூக்கிவிடும் ஆசை. கிட்டிப்புள்ளில் புள்ளைத் தட்டி எழுப்பித்தான் அடிக்க வேண்டும். அந்த ஆசை கோல்ஃப் அயர்னிலும் வந்துவிடுகிறது. பந்து தரையில் கிடக்கிறதே, மேலே எழ வேண்டுமே என்று உடம்பு தானாகவே பின்னால் சாய்ந்து, மட்டையைப் பந்துக்கு அடியில் விட்டு அள்ளப் பார்க்கிறது. எடை வலக்காலிலேயே தங்கிவிடுகிறது. மட்டையின் வட்டப் பாதை பந்துக்கு முன்பே தரையைத் தொடுகிறது. மண் பறக்கும், பந்து பத்தடி நகரும். இது 'ஃபேட்'. அதற்குப் பயந்து கையைச் சுருக்கினால் பந்தின் உச்சந்தலையில் படும், பந்து தரையோடு உருளும். இது 'டாப்'. இரண்டும் வெவ்வேறு நோய் என்று நினைத்து வெவ்வேறு மருந்து தேடுகிறார்கள். நோய் ஒன்றுதான்.

பந்தைத் தூக்கும் வேலை மட்டையின் முகச்சாய்வினுடையது. ஆட்டக்காரர் செய்ய வேண்டியது, அயர்னைக் கீழ்நோக்கி வீசி, முதலில் பந்தை, பிறகு தரையைத் தொடுவது. வட்டத்தின் அடிப்புள்ளி பந்துக்கு மூன்று நான்கு அங்குலம் முன்னால் விழ வேண்டும். இதற்கு நான் பார்த்த எளிய பயிற்சி ஒரு பழைய துண்டு. அதை மடித்துப் பந்துக்கு அரைச் சாண் பின்னால் விரித்துவிட்டு அடிக்க வேண்டும். துண்டு நகர்ந்தால் எடை பின்னால் நிற்கிறது. நகராமல் பந்து கிளம்பும்போது வரும் சத்தம் வேறு. ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். டிரைவருக்கு மட்டும் இதற்கு எதிர்ப்பாடம். பந்து டீ என்ற சிறு முளையின் மேல் உட்கார்ந்திருப்பதால் இடக்குதிகாலுக்கு நேராக வைத்து, மட்டை மேலேறும்போது அடிக்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அயர்ன் நன்றாக வரும் நாளில் டிரைவர் கெடுகிறது.

பந்து உருண்டதும் பக்கத்தில் நிற்பவர் தவறாமல் சொல்லும் ஆலோசனை, "தலையைத் தூக்காதீங்க." இது நல்லெண்ணத்தோடு பரப்பப்படும் தவறு என்றுதான் சொல்வேன். தலையைக் குனிந்தபடியே இறுக்கிப் பிடித்தால் மார்பு திரும்பாது, எடை முன்னே போகாது, முதுகுதான் நோகும். ஆனிக்கா சோரன்ஸ்டாம் அடிக்கும்போது பந்து படுவதற்கு முன்பே அவர் தலை இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். அப்படி ஆடித்தான் பெண்கள் தொழில்முறைச் சுற்றில் 72 பட்டங்கள் வென்றார். தலை தூக்கப்பட்டது விளைவு. காரணம் காலில் இருக்கிறது.

அடிப்பக்கத்தில் எழுதிய எண்

சரி, மட்டை முக்கியமே இல்லையா? மிகவும் முக்கியம். ஆனால் வாங்குகிறவர் பார்ப்பது ஒன்று, பார்க்க வேண்டியது வேறொன்று.

கடையில் புது 7 அயர்னை எடுத்து அடித்ததும் பந்து பழைய மட்டையைவிடப் பதினைந்து கெஜம் கூடப் போகிறது. மகிழ்ச்சியோடு பணத்தைக் கட்டுகிறோம். மட்டையின் அடியில் எழுதியிருக்கும் '7' என்ற எண்ணுக்கு எந்த விதியும் கிடையாது. 1980-களில் 7 அயர்னின் முகச்சாய்வு 36 டிகிரி அளவில் இருந்தது. இன்று கற்றுக்குட்டிகளுக்கான பல அயர்ன்களில் அது 28, 30 டிகிரி. தண்டும் நீண்டுவிட்டது. பழைய கணக்கில் அது 5 அல்லது 6 அயர்ன். அதற்கேற்ப எடையைக் கீழே இறக்கி, பந்து உயரப் போகும்படி நன்றாகத்தான் செய்கிறார்கள், அதில் குறையில்லை. விளைவு பையின் மறுமுனையில் தெரியும். புதுச் செட்டில் குறுந்தூர அடிக்கான பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி. பையில் ஏற்கெனவே இருக்கும் சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 13 டிகிரி பள்ளம். 80 கெஜத்தில் பந்து கிடந்தால் ஒன்று மெதுவாக அடிக்கப் பயப்படுகிறார், இல்லை மற்றதை முழுபலத்தோடு வீசித் தரையைக் கொத்துகிறார். ஒரு 50 டிகிரி வெட்ஜ் இந்தத் துயரத்தைத் தீர்க்கும். கடையில் யாரும் சொல்வதில்லை.

தவறி அடிப்பவரை மன்னிக்கும் மட்டை என்ற எண்ணத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர். 1959-ல் பந்தை உருட்டும் பட்டர் மட்டை ஒன்றின் தலையில் எடையை நடுவிலிருந்து எடுத்து இரு ஓரங்களுக்கும் பிரித்தார். நடுவில் படாவிட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளவில்லை. பந்தைத் தட்டும்போது எழுந்த ஓசையையே 'பிங்' என்று பெயராக வைத்தார். அதே சூத்திரம் பிறகு அயர்ன்களுக்கும் வந்தது. முதுகுப்புறம் குழிந்து ஓரங்களில் எடை தாங்கும் அயர்ன்கள்தான் தொண்ணூறு விழுக்காடு அமெச்சூர்களுக்குப் போதும் என்பது என் கணிப்பு. மெல்லிய கத்திபோன்ற பிளேடு அயர்ன்கள் பார்க்க அழகு. ஓரத்தில் பட்டால் மார்கழிக் காலையில் விரல் நுனிவரை அதிரும்.

டிரைவருக்கு வருவோம். டிராக்மேன் கணக்கில் சராசரி ஆண் அமெச்சூரின் டிரைவர் வேகம் மணிக்கு 93 மைல், தூரம் 214 கெஜம். தொலைக்காட்சியில் பார்க்கும் தொழில்முறையாளர் 113 மைலுக்கு மேல். அவர் வைத்திருக்கும் 9 டிகிரி டிரைவரை நாமும் வாங்கினால் பந்து எழும்பாது. வேகம் குறைந்தவருக்கு 10.5, 12 டிகிரி சாய்வுதான் அதிக தூரம் தரும். தண்டின் நெகிழ்வும் அப்படியே. 'ஸ்டிஃப்' என்று எழுதியதை ஆண்மையின் அளவுகோலாக நினைத்து வாங்குகிறவர்கள் ஏராளம். 'ரெகுலர்' அவர்களுக்கு வலியில்லாமல் வேலை செய்யும். நீளம் இன்னொரு பொறி. கடை டிரைவர் 45.5, 46 அங்குலம். 2000-ல் டைகர் உட்ஸ் உச்சத்தில் இருந்தபோது அவர் டிரைவர் 43.5 அங்குலம். நடுவில் படாத கைக்கு நீளமான தண்டு உதவாது. ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துப் பாருங்கள், செலவில்லை.

தரையையும் யோசிக்க வேண்டும். சித்திரையில் சென்னை மைதானத்தின் புல்லுக்கு அடியில் மண் செங்கல்போல இறுகும். அங்கே அடிப்பகுதி அதிகம் புடைத்த வெட்ஜ் தரையில் மோதி எகிறி, பந்தின் வயிற்றில் இடிக்கும். புடைப்பு ஏழெட்டு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதே ஆள் விடுமுறைக்குக் கொடைக்கானல் போய் நனைந்த புல்லில் நின்றால் புடைப்புக் குறைந்த அந்த வெட்ஜ் மண்ணுக்குள் புதையும்; அங்கே புடைப்பு 10, 12 டிகிரி வேண்டும். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைவு. கீழே 140 கெஜம் போகும் அடி அங்கே 150-ஐத் தாண்டும். தன் ஆட்டம் முன்னேறிவிட்டது என்று மலையில் நம்பி, இறங்கி வந்ததும் மனம் உடைகிறவர்கள் உண்டு.

நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் முதலில் சாவது கைப்பிடி ரப்பர். கார் டிக்கியில் கிடந்து வெந்து, கண்ணாடிபோல வழுக்கும். வழுக்கினால் இறுக்குவோம், இறுக்கினால் முகம் மூடாது, மறுபடி ஸ்லைஸ். கைப்பிடிகளை மாதம் ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் கழுவித் துடைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் புது டிரைவர் விலையில் ஒரு சிறு பங்குதான். ஒரு வாசகர் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

▣ கடைக்குப் போகுமுன்
தொடக்கத்துக்கு 14 தேவையில்லை. 12 டிகிரி அளவில் ஒரு டிரைவர் அல்லது 3 வுட், ஒரு ஹைப்ரிட், 6, 8 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர் – ஏழே போதும். 3, 4 அயர்ன்களை யார் இலவசமாகக் கொடுத்தாலும் ஹைப்ரிட்டே மேல். நேராக நின்று, கை தொங்கும் நிலையில் மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரைவரை அளந்துகொண்டு போங்கள். தண்டின் நீளம் உயரத்தை மட்டும் பொறுத்ததல்ல. பழைய செட் வாங்கலாம், தவறே இல்லை. முகத்தின் கோடுகள் தேய்ந்திருக்கின்றனவா, எல்லா அயர்ன்களும் ஒரே வகைத் தண்டா என்று பாருங்கள். இணையத்தில் பாதி விலைக்குப் 'புத்தம்புது' மட்டை வந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்துப் பகுதியில் இருக்கும் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். பார்த்து வாங்க முடிந்தால் மார்க்கர் புள்ளி வைத்துப் பத்து பந்து அடித்துப் பாருங்கள்.

யாருடைய மட்டை, யாருடைய வலி?

தவறான மட்டையும் தவறான வீச்சும் சேர்ந்தால் கெடுவது மதிப்பெண் மட்டுமல்ல. பயிற்சித் திடல்களின் செயற்கை விரிப்பு ஒரு பொய் சொல்லும். மட்டை பந்துக்கு முன்பே விரிப்பில் பட்டாலும் எகிறி முன்னே போய்ப் பந்தை நன்றாகவே அனுப்பிவிடும். நன்றாக அடித்ததாக நினைக்கிறோம். மோதலின் அதிர்ச்சியோ முழங்கையில் சேர்ந்துகொண்டே போகிறது. முழங்கையின் உட்புறத் தசைநாணில் வரும் வலிக்கு மருத்துவ உலகிலேயே கோல்ஃபர்ஸ் எல்போ என்றுதான் பெயர். அமெச்சூர்களிடம் மிகப் பொதுவான இன்னொரு புகார் கீழ்முதுகு வலி. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த இடுப்பு, சனிக்கிழமை காலை எந்தத் தயார்ப்படுத்தலும் இல்லாமல் நூறு பந்துக்கு முறுக்கிக்கொள்கிறது. எனக்கும் முழங்கை போனது; நான்கு மாதம் காபி டம்ளரைத் தூக்க இடக்கைதான். வலி குறைந்ததும் தினம் நூறு பந்தை முப்பதாகக் குறைத்தேன். விரிப்பை விட்டுப் புல்லில் அடிக்கத் தொடங்கினேன். வலி திரும்ப வரவில்லை.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறு. கணவர் புதுச் செட் வாங்கியதும் பழையது மனைவிக்குப் போகிறது. ஓர் அங்குலம் நீளம், கனமான இரும்புத் தண்டு, வளையாத நெகிழ்வு. அவர் பத்து பந்து அடிக்கிறார், எதுவும் எழும்பவில்லை. "எனக்கு பலம் போதாதுங்க" என்று தன்னையே குறைசொல்லிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் பெஞ்சுக்குப் போய்விடுகிறார். ஒரு திடலில் அப்படி உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் பயிற்சியாளர் ஒருவர் பெண்களுக்கான கிராஃபைட் தண்டு போட்ட 7 அயர்னைக் கொடுத்தார். மூன்றாவது பந்து நூறு கெஜம் பறந்தது. அந்த அம்மா திரும்பி யாரையும் பார்க்கவில்லை. குனிந்து நான்காவது பந்தை எடுத்து வைத்தார். பலம் அவரிடம் முன்பே இருந்தது.

பிள்ளைகளுக்கு இதைவிட மோசம். அப்பாவின் மட்டையைப் பாதியில் அறுத்துக் கைப்பிடி சுற்றிக் கொடுப்பார்கள். அறுத்தால் தண்டு இன்னும் விறைப்பாகும். தலையின் எடை குறையாது. எட்டு வயதுப் பிள்ளை அந்தக் கனத்தைச் சமாளிக்க முதுகை வளைத்து, மட்டையை உடம்பால் இழுக்கக் கற்றுக்கொள்கிறது. பதினைந்து வயதில் அதை மாற்ற எந்தப் பயிற்சியாளராலும் எளிதில் முடிவதில்லை. உயரத்துக்கேற்ற சிறுவர் செட் வாங்க முடியாவிட்டால், ஒரு இலேசான சிறுவர் மட்டையும் ஒரு பட்டரும் போதும்.

ஒரே மட்டை போதுமா என்று கேட்பவர்களுக்கு ஸ்பெயினின் செவ்வே பாலஸ்டெரோஸ் பதில். சிறுவனாக பெட்ரெனா கடற்கரை மணலில் ஒரே ஒரு பழைய 3 அயர்னை வைத்து எல்லா அடியையும் கற்றுக்கொண்டவர் அவர். நம் நாட்டிலும் அந்த மரபு உண்டு. 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்து வந்தவர். அடுத்தவர் பையைச் சுமந்து, அடுத்தவர் அடியைப் பார்த்துப் பார்த்து, கிடைத்த மட்டையில் கற்ற கண்கள் அவை. சென்னைத் திடல்களில் அந்தக் கண்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. ஒரு மணிநேரப் பாடத்துக்கு அவர்கள் வாங்கும் தொகை ஒரு டஜன் நல்ல பந்தின் விலையைக்கூடத் தொடாது. அரை லட்சத்துக்கு டிரைவர் வாங்குகிற நாம் அவர்களிடம் பேரம் பேசுகிறோம்.

ஆறு வாரம் கழித்து

தை பிறந்து, பனியும் விலகிவிட்டது. அதே திடல், அதே தடுப்பு. மேலாளர் கையில் டிரைவர் இல்லை, 8 அயர்ன். பந்துக்குப் பின்னால் காசித்துண்டு மடித்துக் கிடக்கிறது. இடுப்பு உயரத்துக்குமேல் மட்டையைத் தூக்காமல் அரைவீச்சு அடிக்கிறார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மட்டையைத் திருப்பிப் பார்த்து, நீலப் புள்ளியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொள்கிறார். கட்டைவிரலே நீலமாகிவிட்டது. பத்தில் ஆறு நடுவில் விழுகின்றன.

"அண்ணே, இன்னிக்கு டிரைவரை எடுத்துப் பார்க்கட்டுமா?"

பெரியவர் துண்டைப் பார்த்தார். ஒரு மூலை சற்று மடங்கியிருந்தது. குனிந்து அதை நீவிவிட்டு, கூடையிலிருந்து பந்துகளை எடுத்து விரிப்பில் வைத்தார்.

"இந்தப் பத்தை முடிங்க சார். எடுக்கலாம்."